மூன்றாவது தெரிவு

கடற்காற்று விசைப்பலகைகளுக்குக் கூடாது. திருகோணமலையில் கணினி நிலையம் நடத்த நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். துறைமுகப் பக்கமிருந்து வருகிற உப்பு விசைகளுக்கு அடியில் போய் இருந்துவிடும். முதலில் இடைவெளி விடுகிற நீளக் கட்டை இறுகும், பிறகு ஒவ்வொரு எழுத்தாக. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு விசைப்பலகைகளையும் கழற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பேன். உங்கள் கதிரைக்குப் பின்னால் இருப்பது நான்காவது கணினி. சாய்ந்து இருக்கலாம், ஒன்றும் ஆகாது.

றோஸின் கடிதம் கிடைத்துத்தான் நீங்கள் விசாரிக்கக் கொழும்பிலிருந்து வந்திருக்கிறீர்கள். அதை ஆங்கிலத்தில் எழுதித் தட்டச்சுச் செய்தது நான் என்பது உங்களுக்குத் தெரியும். அவளுடைய கணவர் கிறிஸ்தோபருக்கு 2006ஆம் ஆண்டு என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். இரண்டு வருடமாக எவரும் என்னிடம் நேராகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒழுங்காகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒழுங்கில்லாமல் சொன்னால் நான் செய்தது கெட்ட காரியம் போலத் தோன்றும்.

என் பெயர் குணேஸ்வரி. வயது நாற்பத்தொன்று. லிங்கநகரில் என் வீடு, தனியாகத்தான் இருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்தேன், அதிலும் ஒழுக்கவியல். படித்து முடித்தபோது ஒழுக்கவியலுக்கு ஊரில் வேலை இருக்கவில்லை. கனடாவிலிருந்து அண்ணா கணினிகளை அனுப்பினார். காலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு. பின்னேரம் மின்னஞ்சல், தட்டச்சு, கடவுச்சீட்டுக்குப் படம் அச்சிடுவது, விளையாட்டு.

விளையாட்டு என்றால் சுடுகிற விளையாட்டு அல்ல. வெளியே அது போதிய அளவு நடந்துகொண்டிருந்தது. அண்ணா அனுப்பிய இறுவட்டுகளில் ஒரு விளையாட்டு இருந்தது. அதில் ஆடுகிறவர் ஒரு ஆளாக மாறி ஒரு துறைமுகப் பட்டினத்துக்குள் நுழைவார். அந்த ஆளுக்குப் பெயர் வைப்பார், குதிரை வாங்குவார், வருகிறவர் போகிறவரோடு கதைப்பார். கதைக்கும்போது திரையின் கீழே மூன்று நான்கு பதில்கள் வரும். ஒன்றைத் தெரிவு செய்தால் கதை அந்த வழியில் போகும். திரும்பி வராது.

பட்டினம் முற்றுகையில் இருந்தது. மதிலுக்குள்ளே இருந்த படைக்கு ஒழுங்கு வேண்டும். மதிலுக்கு வெளியே இருந்த கலகக்காரருக்கு விடுதலை வேண்டும். கரையில் கிடங்கு வைத்திருந்த வணிகருக்கு இந்த இரண்டு பேரும் உயிரோடு இருந்து சண்டை பிடிக்க வேண்டும். எந்தப் பக்கம் போய்க் கதைத்தாலும் அந்தப் பக்கமே நியாயம் என்று படும்படி எழுதியிருந்தார்கள். எழுதினவர்கள் கெட்டிக்காரர்கள். நான் படித்த எந்தப் பாடநூலிலும் மூன்று கொள்கைகளை இவ்வளவு நேர்மையாக வைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் இன்னொன்றையும் கவனித்தேன். எந்தக் கொள்கையில் சேர்ந்தாலும் கடைசியில் எல்லாரும் ஒரே கிணற்றடிக்குத்தான் வந்து நிற்க வேண்டியிருந்தது.

அந்த இடத்தை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஒரு சின்னக் கிராமம். யாரோ இரவில் ஊர்வாசல் கதவைத் திறந்து எதிரியை உள்ளே விட்டிருக்கிறார்கள். தளபதி ஒருவன் ஊராரைக் கிணற்றடியில் வரிசையாக நிறுத்தி, யார் திறந்தது என்று கேட்கிறான். மா அரைக்கிறவனின் மனைவிதான் திறந்தாள் என்பது ஆடுகிறவருக்குத் தெரியும். அவளுடைய மகன் வெளியே நின்றான், அதனால் திறந்தாள். தளபதி ஆடுகிறவரைப் பார்த்துக் கேட்கிறான். நான்கு பதில்கள். ஒன்று, அவளுடைய பெயரைச் சொல்லலாம். இரண்டு, செத்துப்போன ஒருவனின் பெயரைச் சொல்லலாம். மூன்று, தன்னையே சொல்லலாம். நான்கு, பேசாமல் நிற்கலாம். நின்றால் ஊரை எரிப்பார்கள்.

விளையாடுகிறவர்களில் அநேகருக்கு ஆங்கிலம் போதாது. அதனால் நான் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து தெரிவுகளைத் தமிழில் சொல்வேன். மூன்றாவதற்கு நல்ல தமிழ் தேடிச் சில நாள் யோசித்தேன். “அதற்கு நான் பதில் சொல்கிறேன்” என்றால் பரீட்சை மண்டபம் போல இருக்கிறது. கடைசியில் “நான் பொறுப்பு” என்று வைத்தேன். சுருக்கம், சுத்தம். என் துறையில் அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு.

நீங்கள் கொழும்பிலேயே இருந்தவர் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது. இயக்கத்தில் ஒரு ஊருக்கு, ஒரு வேலைக்குத் தலையாக இருக்கிறவரைப் பொறுப்பாளர் என்பார்கள். கதைக்கும்போது வாலை வெட்டிவிட்டுப் பொறுப்பு என்றே சொல்வார்கள். “அவர் இப்ப எங்க பொறுப்பு?” என்று சனம் கேட்கும்.

அடிக்கடி கரண்ட் போகும். யார் எந்தக் கணினியில் எந்த இடம்வரை சேமித்தார் என்று தெரியாவிட்டால் சண்டை வரும். அதற்காக ஒரு கொப்பி வைத்தேன். பெயர், கணினியின் எண், வந்து நின்ற இடம். கிணற்றடிக்கு வந்தவர்களுக்கு மட்டும் எந்தத் தெரிவைச் செய்தார்கள் என்பதையும் ஒன்று, இரண்டு என்று எண்ணில் குறித்தேன். அது என் சொந்த ஆர்வம். ஒரு கட்டுரை எழுதலாம் என்று இருந்தேன். பரீட்சையில் ஒழுக்கவியல் கேள்விக்கு எல்லாரும் நல்லவர்கள் போல எழுதுவார்கள். ஆசிரியர் பார்ப்பாரே. தேவாலயத்திலும் கோயிலிலும் அதேதான். விளையாட்டில் ஒருவரும் பார்ப்பதில்லை, தண்டனை இல்லை, புகழும் இல்லை. அச்சம் கலக்காத இடத்தில் ஒருவர் எதைத் தெரிவு செய்கிறாரோ அதுதான் அவருடைய உண்மையான விருப்பம் என்று நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

கிறிஸ்தோபருக்கு அப்போது இருபத்தொன்பது வயது. மீன்பிடித் துறைமுகத்துக்குக் கிட்ட ஐஸ் தொழிற்சாலையில் கட்டி உடைக்கிற வேலை. இரண்டு மணிக்கு வேலை முடிந்து, முழங்கை வரை ஈரத்தோடு வருவார். விசைப்பலகையில் தண்ணீர் சொட்டும் என்று நான் ஒரு துவாய் வைத்திருந்தேன், அவருக்கென்றே.

“அக்கா, துறைமுகம் எண்டுறாங்கள். ஒருத்தனும் மீன் பிடிக்கேல்லையே. ஒரு வலை கூடக் காயேல்லை,” என்று முதல் நாளே முறைப்பாடு சொன்னார்.

பக்கத்துக் கணினியில் ஸஹாப்தீன் இருப்பார். தையல்கடை வைத்திருந்தார், வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாட்களில் வருவார். அவருக்கு அடுத்ததில் ஆனந்தராசா, வங்கியில் பயிலுநர், சட்டையைக் கசங்காமல் வைத்திருக்கிற ஆள். மூன்று பேரும் ஒரே கிழமைக்குள், ஒன்றிரண்டு நாள் வித்தியாசத்தில், கிணற்றடிக்கு வந்தார்கள்.

ஆனந்தராசா யோசிக்கவே இல்லை. மா அரைக்கிறவனின் மனைவியைச் சொல்லிவிட்டுத் தேநீரை எடுத்தார். “ஒராளுக்கு முப்பது பேர். இதில என்ன கிடக்கு?” என்றார். ஸஹாப்தீன் செத்தவனின் பெயரைச் சொன்னார். தளபதி கல்லறையைத் தோண்டிப் பார்த்தான், பாதி ஊர் எரிந்தது. “நல்ல பொய்தான், நேரம் சரியில்ல,” என்று சொல்லிக்கொண்டு எழும்பினார்.

கிறிஸ்தோபர் மூன்றாவதைத் தொட்டார். அவருடைய ஆளைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். வாள், குதிரை, மூன்று கிழமையாகச் சேர்த்த சாமான் எல்லாம் போயிற்று. சிறையில் வெறுங்கையோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“கிறிஸ்தோ, ஒனக்கு அறிவிருக்கா? குதிரையும் போச்சே,” என்றார் ஸஹாப்தீன்.

“குதிரை போனா வேற குதிரை. அந்த மனிசியின்ர முகத்தைப் பாத்தனீரே?”

“அது படம்டாப்பா.”

“படம்தான். எண்டாலும் என்னைத்தானே பாக்குது.”

அன்று கரண்ட் போய்க் கடைசியாகச் சேமித்தது அழிந்தது. கிணற்றடிக்கு முந்திய இடத்திலிருந்து மறுபடி ஆடினார், மறுபடி மூன்று. அடுத்த கிழமை, இன்னொரு வழியால் போய்ப் பார்க்கிறேன் என்று படையில் சேர்ந்து ஆடி வந்தார். அப்போதும் மூன்று. என் கொப்பியில் அவருடைய பெயருக்கு நேரே மூன்று தடவை 3 என்று இருக்கிறது. நான் ஏன் என்று கேட்டேன். அவருக்குத் தத்துவம் ஒன்றும் இருக்கவில்லை.

“அவன் கேக்கிறான்தானே அக்கா, ஆர் எண்டு. ஆரோ சொல்லத்தானே வேணும். அதில நிக்கிறது நான்தானே.”

கிணற்றடிக்கு முந்திய அந்த இடத்தைத் தன் பெயரில் நான்காவது கணினியில் சேமித்து வைத்தார். ஸஹாப்தீன் சொன்ன மாதிரிச் செத்தவனின் பெயரை ஒருக்கால் சொல்லிப் பார்க்கிறேன், அந்தத் தளபதியின் முகம் எப்படி மாறுது என்று பார்க்கத்தான், என்றார். அவர் அதைச் செய்யவில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

ஞானசேகரம் என்று ஒருவர் வந்தார். முன்பு என்னிடம் தட்டச்சுப் படித்தவர், வேகம் குறைவு, பிழையும் குறைவு. பிறகு இயக்கத்துக்கு எதிராக ஆயுதம் வைத்திருந்த ஒரு குழுவின் அலுவலகத்தில் சேர்ந்திருந்தார். அந்தக் குழுவின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இப்போதும் அவர்களுக்கு இங்கே அலுவலகம் இருக்கிறது. பின்னேரம் நாலு மணியிருக்கும். மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

“அக்கா, உங்களைத் தெரிஞ்சபடியால்தான் நான் வந்தனான். வேற ஆக்கள் வந்தா இப்பிடி இருந்து கதைக்க மாட்டினம்.”

நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். விடயத்தைச் சொன்னார். ஒரு படம் வெளிநாட்டு இணையத்தளம் ஒன்றில் வந்துவிட்டது. ஒரு வீட்டு வாசலில் நிற்கிற வெள்ளை வாகனம், அதன் இலக்கம், பக்கத்தில் இரண்டு பேரின் முகம். அந்த வீட்டில் இருந்தவர் அன்றைக்குப் பிறகு இல்லை. அந்தப் படம் பதினான்காம் திகதி பின்னேரம் இரண்டுக்கும் நாலுக்கும் இடையில் என் நிலையத்திலிருந்து போயிருக்கிறது. அதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

“அண்டைக்கு அந்த நேரம் ஆர் ஆர் வந்தவை?”

“அஞ்சு பேர்,” என்றேன். கொப்பி பார்க்கத் தேவையிருக்கவில்லை. கிறிஸ்தோபர், ஸஹாப்தீன், ஆனந்தராசா, உயர்தர வகுப்புப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் என்று சொன்னேன்.

“அஞ்சு பேரையும் வாகனத்தில ஏத்த எங்களுக்கும் விருப்பமில்லை. பொம்பிளைப் பிள்ளையளும் எண்டுறீங்கள். ஒரு பேர் போதும் அக்கா. வெள்ளிக்கிழமை வாறன்.”

தேநீர்க் கோப்பையைத் தானே கொண்டுபோய்க் குசினியில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு மூன்று நாள் இருந்தது. பதறவில்லை. பதறுகிறவர்கள்தான் பிழை செய்வார்கள். கொழும்புக்கு ஓடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நான் ஓடினால் அவர்கள் ஐந்து பேரையும் ஏற்றுவார்கள். பேசாமல் இருந்தாலும் அதுதான். பெயர் ஒன்று போயே ஆக வேண்டும் என்று முடிவான பிறகு, மிச்சம் இருப்பது எந்தப் பெயர் என்கிற கேள்வி. எந்த அளவுகோலும் இல்லாமல் ஒரு பெயரை எடுத்தால் அது அநியாயம். என்னிடம் ஒரு அளவுகோல் இருந்தது.

பெண்பிள்ளைகளை விட்டுவிட்டேன். ஆனந்தராசாவை எடுத்துப் பார்த்தேன். அவரைக் கொண்டுபோனால் முதல் அடியிலேயே அடுத்தவரின் பெயரைச் சொல்வார். கொடியவர் என்பதால் அல்ல, அவருடைய மனத்தின் அமைப்பு அது, கிணற்றடியில் காட்டியிருக்கிறார். ஸஹாப்தீன் பொய் சொல்வார். பொய்யை அவர்கள் தோண்டிப் பார்ப்பார்கள், பிறகு பாதி ஊர். கிறிஸ்தோபர் ஒருவர்தான் தன்னோடு நிறுத்திக்கொள்வார். அவரோடு அது முடிந்துவிடும்.

இது முதலாவது காரணம். இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். மற்ற நாலு பேரில் எவரைக் கொடுத்தாலும் அவருடைய விருப்பத்துக்கு மாறாகக் கொடுத்ததாக இருக்கும். கிறிஸ்தோபரிடம் அந்தக் கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டிருந்தது. யாரும் கட்டாயப்படுத்தாத நேரத்தில், பயமில்லாமல், ஒன்றல்ல மூன்று தடவை கேட்கப்பட்டு, மூன்று தடவையும் அவர் தன்னைத்தான் சொன்னார். அது சம்மதம். அதைவிடத் தெளிவான சம்மதத்தை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. கலியாணப் பதிவில் கூட மனிதர் ஒரு தடவைதான் ஓம் என்கிறார்கள்.

அவருடைய தெரிவை நான் மதித்தேன். இந்த வாக்கியத்தை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை கிறிஸ்தோபர் வந்தார். துவாயை எடுத்துக் கையைத் துடைத்தார். அன்றைக்கு ஆடவில்லை. றோஸ் உண்டாகியிருக்கிறாள், மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பிள்ளைக்கு ஆங்கிலம் படிப்பிக்க வேணும் அக்கா, உங்களிட்டத்தான் அனுப்புவன் என்றார். நான் சந்தோசம் என்று சொன்னேன். உண்மையாகவே சந்தோசமாகத்தான் இருந்தது. ஒருவரை நன்றாக அறிந்து வைத்திருக்கிறோம் என்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

ஒரு விடயத்தில் மட்டும் எனக்குக் கூச்சம் இருந்தது. சுற்றிவளைப்புகளில் முகத்தை மூடிக்கொண்டு வந்து, வரிசையில் நிற்கிற ஆளுக்கு முன்னால் தலையை ஆட்டிக் காட்டிக்கொடுக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. தலையாட்டி என்ற பெயர் என்மேல் வரக்கூடாது. அதனால் அந்த ஒரு பெயரை நான் வாயால் சொல்வதில்லை என்று தீர்மானித்தேன். கொப்பியை மேசையில் திறந்து வைப்பேன். அவர் படிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை ஞானசேகரம் வந்தார். கொப்பியைப் பார்த்தார். விரலால் பெயர்களின் கீழே கோடு போல இழுத்துக்கொண்டு வந்து ஒரு இடத்தில் நின்றார்.

“கிறிஸ்தோபர். பொறுப்பு.” வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். “பொறுப்பு எண்டா?”

“அவர் அப்பிடித்தான் சொன்னவர்.”

“ஆர்?”

“கிறிஸ்தோபர்தான்.”

“தன்ர வாயால?”

“ஓம்.”

“எங்க பொறுப்பு?”

“ஒரு கிராமத்துக்கு.”

“எந்தக் கிராமம்? இலங்கைத்துறைப் பக்கமோ?” அந்தப் பக்கம் அப்போது இயக்கத்தின் கையில் இருந்தது.

“எனக்கு அந்த ஊரைத் தெரியாது,” என்றேன். தெரியாதுதான். விளையாட்டில் அந்தக் கிராமத்துக்குப் பெயர் வைக்கவில்லை.

அந்த உரையாடலை நான் பல தடவை திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. ஞானசேகரத்துக்கும் அது முழு உண்மையாகப் பட்டிருக்காது என்று நினைக்கிறேன். இயக்கத்தின் பொறுப்பாளர் ஒருவர் தன் பதவியைக் கணினி நிலையத்துக் கொப்பியில் எழுதுவிப்பாரா? ஆனால் அவருக்கு மேலே இருக்கிறவர்களுக்குக் காட்ட ஒரு சொல் தேவைப்பட்டது. சொல் இருந்தது. அவர் அந்தத் தாளைக் கவனமாகக் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “நல்லது அக்கா. இனி உங்களுக்குக் கரைச்சல் வராது,” என்றார். வரவுமில்லை.

திங்கட்கிழமை பட்டப்பகலில், ஐஸ் தொழிற்சாலைக்கு முன்னால் ஏற்றினார்கள். ஸஹாப்தீன் கண்டிருக்கிறார். உடுப்பு ஒன்று கொடுக்கப் போனவர். வாகனத்திலிருந்து இறங்கினவர்கள் கிறிஸ்தோபர் ஆர் என்று கேட்டார்களாம். வாசலில் ஆறு ஏழு பேர் நின்றார்கள், ஒருவரும் கதைக்கவில்லை. அவர் நான்தான் என்று முன்னுக்கு வந்திருக்கிறார். இதைச் சொல்லும்போது ஸஹாப்தீன் இங்கே, இந்த வாசற்படியில் இருந்து அழுதார். நான் அழவில்லை. நான் நினைத்தது சரியாக இருந்தது என்பதைக் கவனித்தேன்.

மற்ற நாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். ஆனந்தராசா இப்போது வங்கியில் நிரந்தரம். பெண்பிள்ளைகளில் ஒருத்தி ஆசிரியப் பயிற்சிக்குப் போயிருக்கிறாள். ஸஹாப்தீன் புல்மோட்டைக்குப் போய்விட்டார், அங்கே மச்சானோடு தையல். விளையாட்டைத் தொடுவதில்லையாம். நாலு உயிர். எவரும் எனக்கு நன்றி சொல்லவில்லை, தெரிந்தால்தானே சொல்வதற்கு.

றோஸ் இரண்டாம் நாளே வந்தாள். படம் அச்சிட. கலியாணப் படத்தில் அவரை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கித் தரச் சொன்னாள். பிறகு கடிதங்கள். இதுவரை பதினொன்று. நான் அதற்கு எதுவும் வாங்குவதில்லை. அவள் தமிழில் சொல்வாள், நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். இப்போது பிள்ளையையும் கொண்டுவருகிறாள், ஆண் பிள்ளை. ஒரு தடவை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது சொன்னாள்:

“அக்கா, அவர் இயக்கத்தில பொறுப்பாம், அதுதான் பிடிச்சதாம் எண்டு ஆரோ தேவாலயத்தில கதைச்சவை. ஐஸ் உடைக்கிற மனிசன் எதுக்கக்கா பொறுப்பு? சைக்கிளுக்குக் காத்தடிக்கிறதுக்கே நான் மூண்டு தரம் சொல்ல வேணும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தது நிற்கவில்லை. நான் எழும்பித் தண்ணீர் கொடுத்தேன். அந்த வாக்கியத்தை நான் கடிதத்தில் சேர்க்கவில்லை. அது விண்ணப்பத்துக்கு ஏற்ற தொனி அல்ல.

அவள் கேட்பது ஒன்றுதான், எல்லாக் கடிதத்திலும். அவரை ஏன் பிடித்தார்கள். ஆள் திரும்பி வருவார் என்ற கதையை அவள் ஆறாவது கடிதத்தோடு விட்டுவிட்டாள். ஏன் என்று தெரிந்தால் தான் நித்திரை கொள்ளலாம் என்கிறாள். நீங்கள் இங்கிருந்து நேரே அவளிடம் போவீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அரைகுறையாகச் சொன்னால் அவளுக்கு உதவாது.

கொப்பியைப் பற்றி. நான் தெரிவுகளை எண்ணில்தான் குறித்தேன் என்று சொன்னேன். ஆம். எல்லாருக்கும் எண்தான். ஞானசேகரம் கிழித்துக்கொண்டு போனது அந்தப் பழைய தாள் அல்ல. பழைய தாள் இன்னும் என் மேசை லாச்சியில் இருக்கிறது, வேண்டுமென்றால் காட்டுகிறேன். வியாழக்கிழமை, கிறிஸ்தோபர் பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போன பிறகு, நான் ஒரு புதுத் தாளில் அந்தப் பக்கத்தைத் திருப்பி எழுதினேன். மற்றவர்களுக்கு எண்களை எழுதினேன். அவருக்கு மட்டும் எண்ணை விட்டுவிட்டுச் சொல்லை எழுதினேன். நீல மையில், கொஞ்சம் பெரிதாக. எண்ணைப் பார்த்தால் ஞானசேகரத்துக்கு விளங்காது. நான் வாயால் சொல்லவேண்டி வந்திருக்கும். அதைத் தவிர்க்கத்தான்.

பிறகு அந்தப் படம். அதை யார் அனுப்பியது என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. ஞானசேகரமும் கேட்கவில்லை, அன்றைக்கு யார் வந்தது என்றுதான் கேட்டார். நான் வருகிற ஆள் இல்லை, இங்கேயே இருக்கிற ஆள். அவர் கேட்ட கேள்விக்குள் நான் அடங்கவில்லை.

கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிற ஒருவர் அச்சிடக் கொடுத்த கமெரா நினைவு அட்டைக்குள் அது இருந்தது. மாப்பிள்ளை வீட்டு மேல்மாடி யன்னலால் எடுத்திருக்கிறார், பிறகு மறந்தோ பயந்தோ விட்டிருக்கிறார். நான் அதைப் பார்த்தேன். அது உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்று பட்டது. பதினான்காம் திகதி பின்னேரம், கிறிஸ்தோபர் நாலாவது கணினியில் ஆடிக்கொண்டிருக்கும்போது, அவருக்கு மற்றப் பக்கத்தில் இருந்த ஐந்தாவதிலிருந்து அண்ணாவுக்கு அனுப்பினேன். நடுவில் அவர், அக்கா இதுக்கு என்ன கருத்து என்று திரையைக் காட்டிக் கேட்டார். நான் சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து அனுப்பு என்பதை அழுத்தினேன். சரியான காரியம்தான். அதைப் பற்றி எனக்கு இப்போதும் வருத்தமில்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். உங்களுடைய முகத்தில் இருப்பது எனக்கு விளங்குகிறது. நானும் என்னை அப்படிப் பார்த்திருக்கிறேன், கொஞ்ச நாள். ஞானசேகரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிடத்தில் நான் இரண்டே சொல் சொல்லியிருந்தால் போதும், ஐந்து பேரும் வீட்டில் இருந்திருப்பார்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அது அச்சம். அச்சத்தில் ஒரு மனிதர் செய்வதை வைத்து அவரை அளக்கக்கூடாது என்பதுதானே என் கொள்கை. அதே கொள்கையை எனக்கும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றிற்று. அதுதான் நீதி.

கிறிஸ்தோபரைக் கொண்டுபோய் ஐந்தாறு கிழமைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. விசைப்பலகைகளைத் துடைத்து முடித்துவிட்டேன். ஊரடங்கு, வெளியே ஒருவரும் இல்லை. நான் அதுவரை அந்த விளையாட்டை ஆடியதில்லை, மற்றவர்களுக்கு மொழிபெயர்த்ததோடு சரி. குதிரை ஓட்டவும் வாள் வீசவும் எனக்குத் தெரியாது, அதனால் முதலிலிருந்து தொடங்க ஏலாது. நாலாவது கணினியில் கிறிஸ்தோபரின் பெயரில் சேமித்திருந்த இடத்தைத் திறந்தேன். அவருடைய ஆள் கிணற்றடிக்கு நாலு அடி தள்ளி நின்றான். நடத்திக் கொண்டுபோனேன். தளபதி கேட்டான். மா அரைக்கிறவனின் மனைவி என்னைப் பார்த்தாள். நான்கு தெரிவுகளும் வந்தன.

நான் மூன்றாவதை அழுத்தினேன். யோசிக்கவேயில்லை. என்னைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். ஊர் தப்பியது.

தற்செயலாக இருக்கலாம் என்று மறுபடி திறந்தேன். மறுபடி மூன்று. அன்று பின்னேரம் கரண்ட் போகும்வரை பதினேழு தடவை ஆடினேன். ஒவ்வொரு தடவையும் கொப்பியில் குறித்திருக்கிறேன். பதினேழும் மூன்றுதான். வேறொன்றை அழுத்த எனக்கு ஒரு தடவையாவது மனம் வரவில்லை.

றோஸிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். இதையும் மறக்காமல் சொல்லுங்கள். அவளுக்கு ஆறுதலாக இருக்கும். அவளுடைய கணவர் ஒரு கெட்ட மனுசியின் கையில் அகப்படவில்லை.